மடித்துப் போட்ட துப்பாக்கி

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் பழையபடி திறந்த வருடம் அது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைக்கு நல்ல விலை ஏறியிருந்தது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் அங்கே குலை வெட்டுகிறார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறேன். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில், ஒரு துப்பாக்கியைத் தாண்டி நாங்கள் போய்வந்த நாட்களைத்தான் சொல்லப்போகிறேன்.

துப்பாக்கி என்றாலே அலறுகிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பெண்பிள்ளை பயந்துவிட்டாள் என்று கதையை முடித்துவிடுவார்கள். நான் பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளைத் தோண்டி நாசம் செய்யும்போது, லைசென்ஸ் உள்ள ஆட்களைத் தோட்டமே கூப்பிட்டுச் சுடச் சொல்லும். சாயங்காலத்தில் அவர்கள் வருவார்கள். நாங்கள் பிள்ளைகளெல்லாம் பின்னாலேயே ஓடுவோம். வீடுகள் கண்ணில் பட்டதுமே அவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். துப்பாக்கியை நடுவில் மடித்து, தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதைத் துவைத்த துணியைப் போட்டுக்கொள்வதுபோல முழங்கைமேல் போட்டுக்கொண்டு நடப்பார்கள். மடித்த துப்பாக்கியால் சுட முடியாது. அது தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மடிக்காமல் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்தால் பெண்களே ஏசி அனுப்பிவிடுவார்கள்.

விலை ஏறியதும் பழத்திருட்டும் ஏறிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வெளியாட்கள் லோரியைக் கொண்டுவந்து குலைகளை வெட்டிப் போய்விடுவார்கள். தோட்டத்து நிர்வாகம் ஒரு காவல் கம்பெனியைப் பிடித்து, எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்குப் போகிற பாதை மெயின் ரோட்டைச் சேரும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டு, குறுக்கே கம்பு வைத்து, துப்பாக்கியோடு ஜாகாக்களை நிறுத்தியது. ஜாகா என்றால் காவலாளி. காலையில் நிற்கிறவன் நேப்பாளத்திலிருந்து வந்த இளைஞன். ஒல்லியாக, சட்டை இரண்டு அளவு பெரிதாக, பார்த்தாலே சாப்பாடு போடத் தோன்றும் உருவம். துப்பாக்கியை முதுகில் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்கள் பிள்ளைகளிடம் தமிழில் ஒன்று இரண்டு எண்ணக் கற்றுக்கொண்டிருந்தான். என்னை அக்கா என்றே கூப்பிடுவான். அதுவும் பிள்ளைகளிடம் பிடித்ததுதான். அந்த நாட்களில் எனக்கு அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. திருட்டு நின்றால் என் வீட்டுக்காரருக்கும் நல்லதுதானே.

பிறகு ஒருநாள் திருட்டு லோரி ஒன்று தடுப்புக் கம்பை உடைத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாளிலிருந்து எல்லாம் மாறியது. கம்பெனியின் சூப்பர்வைசர் வந்து என்ன சொன்னாரோ தெரியாது, முதுகில் இருந்த துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. ஓரமாக நின்றவன் ரோட்டின் நடுவில் நிற்க ஆரம்பித்தான். மோட்டார் சைக்கிளில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, கூடையில் உதிரிப்பழம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எண்ணக் கற்றுக்கொண்டதையெல்லாம் மறந்துவிட்டவன்போல அவன் முகமும் இறுகிவிட்டது.

எனக்கு முதலில் ரத்தம் கொதித்தது ஒரு பாத்திரத்துக்காக. விடியலுக்கு முன்னால் எழுந்து செய்த நாசி லெமாக்கும் சம்பலும் மோட்டார் கூடையில் இருந்தன. மேலே வெள்ளைத் துணி போட்டிருந்தேன். அவன் கையால் தொடவில்லை. துப்பாக்கியின் முனையால் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தான். பிள்ளைகள் சாப்பிடுகிற சோறு. அந்த இரும்பு எங்கெங்கே கிடந்ததோ. நான் தமிழிலும் மலாயிலும் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, போகலாம் என்று கை காட்டினான். அன்றைக்குத் துணியைக் கேண்டீனில் இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினேன். அலசிவிட்டு அதைத் திரும்பப் போட மனசு வராமல் வேறு துணி எடுத்தேன்.

ஆனாலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை. இரண்டு நாள் கழித்து, சம்பல் வாளியை வீட்டிலேயே மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் எதிரே பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். கொட்டகையை நெருங்கியதும் முன்னால் வந்த பிள்ளை இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியது. பின்னால் வந்தவர்களும் தூக்கினார்கள். என் மகளும் தூக்கினாள். கழுத்தில் தண்ணீர்ப் போத்தல் ஆட, கைகளை உயர்த்தியபடியே, பேசாமல், வரிசையாக அந்தத் துப்பாக்கியைத் தாண்டி நடந்தார்கள். தாண்டியதும் கையை இறக்கிவிட்டுப் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களைத் தூக்கச் சொல்லவில்லை. ஜாகாவும் சொல்லவில்லை, அவன் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். டிவியில் பார்த்து அவர்களாகவே பழகிக்கொண்டார்கள். எத்தனை நாளாக இப்படி நடக்கிறதென்று மகளைக் கேட்டதற்கு, பல் விளக்குவதைப் பற்றிக் கேட்டதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"தூக்கிக்கிட்டு போனா ஒன்னும் பண்ண மாட்டாங்கம்மா."

பயப்படுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யலாம். பயத்துக்குப் பழகிப்போன பிள்ளையை என்ன செய்வது? இந்தத் துப்பாக்கி அந்தக் கையைவிட்டு இறங்குகிற வரைக்கும் நான் விடப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் தன்மையான மனிதர். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, எல்லாவற்றுக்கும் பர்மிட் இருக்கிறது என்றார். கம்பெனி தன் வேலையைச் செய்கிறது, திருடனுக்கு முன்னால் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்ல முடியுமா என்று என்னையே கேட்டார். பர்மிட்டைப் பற்றி நான் பேசவில்லை, பிள்ளைகளின் கைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கம்பெனியிடம் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் மாறவில்லை.

பிறகு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். சுங்கை காடுட்டில் வேலை செய்கிற என் தங்கை லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். ரைஃபிளை வைத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நிற்கிறான் என்று நான் ஆரம்பித்ததும், அது ரைஃபிள் இல்லை, ஷாட்கன் என்று மேசையில் இருந்த போலீஸ்காரர் திருத்தினார். எங்கள் பக்கத்தில் நீளமாக இருந்தால் எல்லாமே ரைஃபிள்தான். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். உன்னைக் குறி பார்த்தானா? இல்லை. சுடுவேன் என்று சொன்னானா? இல்லை. பிள்ளைகளை மிரட்டினானா? இல்லை. எனக்கே என் பதில்கள் கேட்க நன்றாக இல்லை. அப்படி ஏதாவது நடந்தால் உடனே வந்து சொல், நாங்களும் ஒருமுறை வந்து பார்க்கிறோம் என்று அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். "குறி பாத்தப்புறம் வந்து சொல்ல நம்ம இருப்போமாக்கா?"

அந்தக் கேள்வி என்னை நாள் முழுக்க நச்சரித்தது. முதுகில் இருந்தபோது அதே துப்பாக்கி, அதே ஆள், அதே லைசென்ஸ். கைக்கு வந்ததும் பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள். நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அது எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் பன்றி சுட வந்தவர்களுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. எங்கள் வீடுகள் கண்ணில் படும் இடத்தில் இருந்தது.

லயத்துப் பெண்களைக் கூட்டினேன். நாளைக் காலையில் பிள்ளைகளோடு நாமும் நடப்போம், கொட்டகைக்கு முன்னால் நிற்போம், துப்பாக்கியை மடித்துப் போடுகிற வரைக்கும் நகர மாட்டோம், அவ்வளவுதான். கத்தக் கூடாது. கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது, பிள்ளையின் கையைத் தவிர. எல்லோரும் சரி என்றார்கள். என் கணவரிடமும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே ம் என்றார். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்ததில்லை.

மறுநாள் காலை, பனி இன்னும் மரங்களுக்கு நடுவில் இறங்கியே இருந்தது. பெண்களும் பிள்ளைகளுமாக நடக்க ஆரம்பித்தோம். பாதி வழியில் பின்னாலிருந்து நிறைய காலடிச் சத்தம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. பெரட்டில் பெயர் கொடுத்து முடித்து வேலைக்காட்டுக்குப் போக வேண்டிய ஆண்கள் எல்லோரும் மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு எங்களோடு சேர்ந்துவிட்டார்கள். அவர்களை மேய்க்கிற மண்டோரும் தடுக்கவில்லை, அவருடைய பேத்தியும் அந்த வரிசையில்தான் நடக்கிறாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இனி யார் நம்மை அசைக்க முடியும் என்று தோன்றியது. நடையே வேகமாகிவிட்டது.

கொட்டகை தெரிந்தது. ஜாகா வழக்கம்போல ரோட்டின் நடுவில் நின்றிருந்தான். எங்களைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. முதுகு கொட்டகையின் தகரத்தில் இடித்தது. வயிற்றுக்குக் குறுக்கே பிடித்திருந்த துப்பாக்கி மெதுவாக மேலே ஏறி அவன் தோளுக்குப் போனது. எங்கள்மேல் குறி வைக்கவில்லை, எங்களுக்கு முன்னால் இருந்த மண்ணைப் பார்த்து நின்றது. ஆனால் மண்ணுக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம்? எங்கள் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, மகள் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் தூக்கிவிட்டார்கள்.

அவன்மேல் பாயலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். அது என்மேல் இல்லை. பிள்ளைகள்மேலும் இல்லை. எங்கள் தலைகளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. என்ன பார்க்கிறான் என்று திரும்பினேன்.

எங்கள் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் நீளமான அலுமினியக் கழி. ஒவ்வொரு கழியின் முனையிலும் குலை வெட்டுகிற வளைந்த அரிவாள். காலையில் தீட்டியது, பளபளவென்று இருந்தது. எங்கள் தலைக்குமேல் ஒரே அரிவாளாக இருந்தது. அதோடு இடுப்பில் பாராங் கத்தி செருகினவர்களும் இருந்தார்கள். நான் தினமும் அந்த அரிவாள் சாய்த்து வைத்திருக்கிற சுவருக்குப் பக்கத்தில்தான் சமைக்கிறேன். என் மகள் அந்தக் கழியில் பாவாடை காயப்போடுவாள். எங்களுக்கு அது வேலைக்குப் போகிற சாமான், கை காலைப்போல, யாருக்கும் அதைக் கழற்றி வைக்க வேண்டுமென்று தோன்றவே இல்லை. கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சொன்ன எனக்கே தோன்றவில்லை. அதோடு வருகிறவர்களை நம்பித்தானே என் நெஞ்சு நிமிர்ந்தது.

துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அது எப்படி முடிந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதுகு முழுக்க எறும்பு ஊர்ந்தது. நேராக என் கணவரைப் பார்த்துச் சொன்னேன்.

"கீழ வைங்க."

"எதுக்கு? அவன் மொதல்ல வைக்கட்டும்லா."

"ஒங்க மக கையத் தூக்கிட்டு நிக்கிறா. யாரு மொதல்லங்கிறத அப்பறம் வீட்ல பேசிக்கலாம். வைங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் கை அப்பாவைப் பார்த்தபிறகும் இறங்கவில்லை. நல்ல முரட்டு மனுஷன், வாய்ச் சண்டைக்குச் சளைக்காதவர், அந்தக் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கழியை இறக்கி, ரோட்டோரப் புல்லில், அரிவாள் மண்ணைப் பார்க்கும்படி வைத்தார். அடுத்தவர் வைத்தார். அலுமினியம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவர் மட்டும் மாட்டேன் என்று நின்றார். நான் அவருக்கு முன்னால் போய் நின்று, அண்ணே, வைங்கண்ணே, என்றேன். நகரவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், முனகிக்கொண்டே வைத்தார். பாராங் கத்திகளும் புல்லுக்குப் போயின.

பிறகுதான் திரும்பி அவனிடம் நடந்தேன். கையைத் தூக்கவில்லை. அதில் மட்டும் உறுதியாக இருந்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அம்மாவும் கையைத் தூக்குகிறாள் என்று அவர்கள் கற்றுக்கொள்ளக் கூடாது. கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டபடி, உள்ளங்கை தெரிகிற மாதிரி, சாதாரணமாக நடந்தேன். அவனுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, என் இடது கையை நீட்டி, முழங்கையில் மடித்துக் காட்டினேன். மடி. அவனுக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினேன். துப்பாக்கியைச் சுட்டிக்காட்டி, கையை மடித்துக் காட்டி, என் முழங்கைமேல் எதையோ போட்டுக்கொள்வதுபோலச் செய்தேன். அவன் எனக்குப் பின்னால் புல்லில் கிடந்த கழிகளைப் பார்த்தான். நீளமாக ஒரு மூச்சு விட்டான். துப்பாக்கியைத் தாழ்த்தி, நடுவில் மடித்தான்.

உள்ளே இரண்டு சிவப்புத் தோட்டாக்கள் இருந்தன. அதுவரைக்கும், காலித் துப்பாக்கியாகத்தான் இருக்கும், சும்மா காட்டுவதற்காக வைத்திருப்பான் என்று மனசின் ஒரு மூலையில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டையும் உருவிச் சட்டைப்பையில் போடப்போனான். ஒன்று தவறி விழுந்து, உருண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குனிந்து எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இதுதான் என் பிள்ளையைக் கையைத் தூக்கவைத்தது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சாக்கடையில் எறிந்துவிடலாம் என்று தோன்றாமலில்லை. அவன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் அதை அவன் கையில் வைத்தேன். அப்போது அவன் சொன்னது ஒரே வார்த்தை.

"அக்கா."

திரும்பிப் பார்த்தால் பிள்ளைகளின் கைகள் இறங்கியிருந்தன. நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

மேனேஜர் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொட்டகை முன்னாலேயே பேசினோம். அந்தப் பையனுக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அவன் சொன்னதைக் கேட்டபிறகுதான் பாதி விஷயம் விளங்கியது. அவனோடு வேலை பார்த்தவனை வேறொரு தோட்டத்தில் பழத்திருடர்கள் அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். திருடர்கள் கொண்டு வருவதும் எங்கள் ஆண்கள் தோளில் இருந்த அதே கழிதான், அதே அரிவாள்தான். தினமும் காலையில் எங்கள் ஆண்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டாரில் அவனை உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் அவன் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவன் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க எங்கள் ஆண்கள் இன்னும் உரசியிருக்கிறார்கள். இந்தக் கூத்து எத்தனை நாளாக நடந்ததோ. அதற்காக நான் இறங்கிப்போகவில்லை. அவன் பயம் நிஜம்தான், ஆனால் அதைச் சுமக்கிற வேலை என் மகளுடையது இல்லை என்று மேனேஜரின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற, வருகிற நேரத்தில் துப்பாக்கி மடித்துத்தான் இருக்க வேண்டும், ஜாகா ரோட்டின் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். கூடையைக் கையால் பார்க்க வேண்டும், இரும்பால் இல்லை. மேனேஜரே கம்பெனியைப் போனில் பிடித்து அதைச் சொன்னார். எங்கள் பக்கத்துக்கும் ஒரு நிபந்தனை விழுந்தது. அரிவாளுக்கு உறை போடாமல் இனி யாரும் கொட்டகையைத் தாண்டக் கூடாது. உறைக்கு எங்கே போவது என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். என் கணவர்தான் அன்று சாயங்காலம் பழைய ரப்பர் தண்ணீர்க் குழாயை எடுத்து, நீளவாக்கில் கீறி, அரிவாளின் விளிம்பில் மாட்டிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. என் பாத்திரம் கழுவுகிற குழாய் அது. லயம் முழுக்க எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்து முடித்தபிறகுதான் எனக்கே தெரியும்.

அதற்குப் பிறகு அவன் என் கூடையைப் பார்க்கிற அழகே தனி. துப்பாக்கி முழங்கைமேல் கிடக்கும். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து துணியைத் தூக்கிப் பார்ப்பான். போகப் போகப் பார்ப்பதற்காகப் பார்க்கிறானா, சம்பல் வாசனைக்காகப் பார்க்கிறானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பொட்டலம் தனியாகக் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். மறு வருடம் கம்பெனி அவனை வேறெங்கோ மாற்றிவிட்டது. போகும் முன்னால், புதிதாக வந்தவனுக்கு அவனே மடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான்.

மகள் கையைத் தூக்காமல் அந்த இடத்தைத் தாண்ட இன்னும் சில நாட்கள் பிடித்தன. ஒருநாள் தூக்கினாள், ஆனால் ஒரு கையை மட்டும், ஜாகாவுக்கு டாட்டா காட்ட. மோட்டாரில் பின்னால் வந்துகொண்டிருந்த நான் ஓரமாக நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

இப்போதும் கேண்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு பிள்ளை வந்து அத்தே என்று கூப்பிட்டால், கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் என்னவென்று கேட்கிறேன்.